கை பேசும், கண் கேட்கும்

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். வாங்குகிறவரின் கையும் தரகரின் கையும் துண்டுக்குள் சந்திக்கும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற நூறு பேரின் காதில் ஒரு சொல்லும் விழாது. பேரம் மட்டும் முடிந்துவிடும். வாயைத் திறக்காமலே வியாபாரம் பேசலாம் என்பது நம் வணிக உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால் பிறவியிலேயே காது கேளாத ஒருவர் நம் கடைக்கு வந்து கையால் பேசினால் என்ன நடக்கிறது? "என்ன வேண்டுமாம், பார்" என்று கடைப் பையனிடம் தள்ளிவிடுகிறோம். பையன் சத்தம் போட்டுக் கேட்கிறான். அவர் எதையோ சுட்டிக்காட்டுகிறார். கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

காது கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நடுவில் நின்று சைகை மொழிபெயர்ப்பாளர்களாகத் தொழில் செய்பவர்கள் நாங்கள். மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம், நீதிமன்றம், திருமண மண்டபம் எனப் பல இடங்களிலிருந்தும் எங்களை அழைக்கிறார்கள். கடைத்தெருவிலிருந்து அழைப்பு வருவதுதான் அபூர்வம். காது கேளாதவர் மருத்துவமனைக்கு என்றைக்கோ ஒரு நாள் போகிறார். கடைக்கோ தினமும் போகிறார். ஆகவேதான் இந்த இதழின் வழியாக வணிகப் பெருமக்களிடம் நேரடியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் செவித்திறன் குறையுடையவர்கள் 50 லட்சத்துக்கு மேல். இவர்கள் எல்லோருக்கும் அரிசி வேண்டும், துணி வேண்டும், பிள்ளையின் கல்யாணத்துக்கு நகை வேண்டும். ஆகவே இது தர்மக் கணக்கில் எழுத வேண்டிய விஷயம் அல்ல. வியாபாரக் கணக்கில் எழுத வேண்டியது.

இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்களும் அல்லர். வயதான பின் காது மந்தமானவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்; தெளிவாக எழுதிக் காட்டினால் போதும். பிறவியிலோ, பேச்சு வருவதற்கு முன்போ கேட்கும் திறனை இழந்தவரின் நிலை வேறு. அவருடைய முதல் மொழி பெரும்பாலும் சைகை மொழிதான். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

"ஊமை" என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். காது கேளாதவர்களில் மிகப் பலருக்குக் குரல் நன்றாகவே இருக்கிறது. பேச்சைக் கேட்டுப் பழக வாய்ப்பில்லாததால் பேசவில்லை, அவ்வளவுதான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்", "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்றெல்லாம் சொல்லிச் சொல்லியே, கேளாதவருக்கு எதுவும் புரியாது என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. புரியாமல் இருப்பது அவருக்கு அல்ல. அவருடைய மொழி நமக்குப் புரியவில்லை.

அபிநயம் அல்ல, மொழி

சைகை மொழி என்றால் நாடக அபிநயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அதற்குச் சொற்கள் உண்டு, இலக்கணம் உண்டு. "நான் நேற்று அரிசி வாங்கவில்லை" என்று நாம் சொல்வதை இந்திய சைகை மொழியில் "நேற்று - நான் - அரிசி - வாங்கு - இல்லை" என்ற வரிசையில் சொல்வார்கள். காலம் முதலில் வரும்; மறுப்பு கடைசியில் வரும். "எங்கே", "எவ்வளவு" போன்ற வினாச் சொற்களும் கடைசியில் வரும். ஆமா இல்லையா என்று கேட்கும்போது புருவம் உயரும். கையில் ஒரே சைகைதான். புருவத்தை உயர்த்தினால் கேள்வி, உயர்த்தாவிட்டால் பதில். ஆகவே முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்ப்பது, பில்லில் சரக்கின் பெயரை மட்டும் படித்துவிட்டுத் தொகையைப் படிக்காமல் விடுவது போன்றது.

இந்த உண்மையை உலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விட்டு வாய்ப்பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் விளைவாக எத்தனையோ நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் கையை அசைத்தாலே கண்டிக்கப்பட்டார்கள். 1960-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி சைகைக்கும் முறையான இலக்கணம் உண்டு என்று ஆராய்ந்து எழுதிய பிறகுதான் அறிஞர்களின் பார்வை மெல்ல மாறத் தொடங்கியது.

நம் நாட்டில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-இல் புதுதில்லியில் அமைக்கப்பட்டது. அந்த மையம் 2018-இல் 3,000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது. 2021-இல் வந்த பதிப்பில் 10,000 சொற்கள் ஆயின. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அமர்வின் முன் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு வாதாடினார். உச்ச நீதிமன்றத்திலேயே சைகையில் வாதாட முடியும் என்றால், ஒரு மளிகைக் கடையில் ஏன் முடியாது?

உதட்டைப் பார்த்தால் புரியாதா? எழுதிக் காட்டினால் போதாதா?

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள் இவை.

கண்ணாடி முன் நின்று "பணம்" என்றும் "மணம்" என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். "பாடு", "மாடு" இரண்டும் அப்படியே. க, ங போன்ற எழுத்துகள் வாய்க்குள்ளேயே பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. உதட்டசைவைப் படிப்பதில் தேர்ந்தவர்கூடப் பாதிக்கு மேல் ஊகித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதிலும் நாம் வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டில் குனிந்தபடியே பேசினால் அவர் என்ன செய்வார்?

எழுதிக் காட்டுவது ஓரளவுக்கு உதவும். ஆனால் பிறவியிலிருந்து தமிழைக் காதால் கேட்டறியாதவருக்கு எழுத்துத் தமிழ், நாம் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கற்ற அயல்மொழி போன்றது. "பணம் கொடுத்தால் சரக்கு உண்டு" என்பதற்கும் "பணம் கொடுத்தாலும் சரக்கு இல்லை" என்பதற்கும் எழுத்தில் சின்ன வேறுபாடுதான், பொருளோ தலைகீழ். ஐம்பது ரூபாய்க்குச் சோப்பு வாங்க எழுத்து போதும். ஐம்பதாயிரம் ரூபாய்க்குத் தவணையில் பொருள் எடுக்கும்போது, வேலைக்காரரின் சம்பளக் கணக்கைத் தீர்க்கும்போது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போது எழுத்து மட்டும் போதாது. அங்கேதான் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்.

எங்கள் வேலை என்ன?

வணிகர்களுக்கு இதை விளக்குவது எளிது. நேர்மையான தரகரை உங்களுக்குத் தெரியும். வாங்குபவர் சொன்னதை விற்பவரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். ஒருவரின் ரகசியத்தை இன்னொருவரிடம் விற்கமாட்டார். எங்கள் தொழிலும் அப்படித்தான். ஒரே ஒரு வேறுபாடு: பேரம் படிந்தாலும் படியாவிட்டாலும் எங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாங்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டோம். காது கேளாதவருக்காகப் பரிந்து பேசவும் மாட்டோம், முதலாளிக்காக மிரட்டவும் மாட்டோம். எங்கள் முன் சொன்னது அனைத்தும் கைக்கு வரும். கையால் சொன்னது அனைத்தும் வாய்க்கு வரும். "இதை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்" என்றால், அந்தச் சொல்லும் சைகையாகப் போய்ச் சேரும்.

நாலு சைகை தெரிந்தவரெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் நெல்சன் மண்டேலாவுக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், உலகத் தலைவர்களின் பக்கத்தில் நின்று ஒருவர் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சைகைகளுக்குப் பொருளே இல்லை என்று காது கேளாதோர் அமைப்புகள் அறிவித்தபோது உலகமே அதிர்ந்தது. காது கேட்பவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை! நம் நாட்டில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரத்தோடு மொழிபெயர்ப்பாளர்களுக்கான பட்டயப் படிப்பு நடத்தப்படுகிறது. அதைப் படித்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தலையாட்டினால் சம்மதமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கிடங்கிலிருந்து எங்களில் ஒருவருக்கு அழைப்பு வந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். நடந்ததைச் சொல்லலாம் என்று இரு தரப்பினரும் சம்மதித்ததால் சொல்கிறோம்.

அங்கே மூட்டை ஏற்றி இறக்கும் ஒருவர் காது கேளாதவர். பதினோரு வருடப் பழக்கம். இருப்புச் சரிபார்த்தபோது 14 மூட்டை உளுந்து குறைந்தது. "நீதான் வெளியே கொடுத்தாயா?" என்று முதலாளியும் கணக்குப்பிள்ளையும் சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் தலையாட்டியிருக்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர். போலீசுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். அதைச் சொல்வதற்குத்தான் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்.

செய்தி சைகையில் போனதும் அந்தத் தொழிலாளி கேட்ட முதல் கேள்வி, "ஏன்?" என்பதுதான். காரணத்தைச் சொன்னதும், "ஆமாம், கொடுத்தேன். கணக்குப்பிள்ளை கை காட்டினார், லாரியில் ஏற்றினேன்" என்றார். முதலாளி மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பொய் சொல்கிறானா?" என்றார். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியையும் அப்படியே சைகையில் சொன்னார். பிறகு, "நான் கருத்துச் சொல்வதில்லை ஐயா, அவரிடமே கேளுங்கள்" என்றார்.

அந்தத் தொழிலாளி எழுந்து கிடங்குக் கதவின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனார். சுவரில் சுண்ணக்கட்டிக் கோடுகள். ஒவ்வொரு லோடுக்கும் ஐந்தைந்து கோடாக ஒரு கட்டு. பக்கத்தில் லாரி எண்ணின் கடைசி இலக்கங்கள். எழுதத் தெரிந்த அளவுக்கு அவர் வைத்திருந்த சொந்தக் கணக்கு அது. குறிப்பிட்ட நாளில் ஒரு லாரி இரண்டாம் நடை போயிருந்தது. அதில் ஏறியது 14 மூட்டை. மேஜையைத் தேடியபோது அந்த நடையின் துண்டுச்சீட்டு கிடைத்தது. பேரேட்டில் ஏறவில்லை, பில்லும் போடவில்லை. சரக்கு வாங்கிய கடைக்குப் போன் செய்தார்கள். "ஆமாம், வந்தது, பில்லுக்குக் காத்திருக்கிறோம்" என்றார்கள்.

ஒரு மனிதரின் வேலையும் பதினோரு வருட நாணயமும் ஒரு தலையாட்டலில் போயிருக்கும். முதலாளிக்கு 14 மூட்டைக்கான பணமும் போயிருக்கும். காது கேளாதவர் தலையாட்டினால், "நீங்கள் பேசுவதைக் கவனிக்கிறேன்" என்பதே பல நேரம் அதன் பொருள். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டும் தலையாட்டுவார்கள். எதிரே நிற்பவர் முதலாளியாக இருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். முக்கியமான விஷயம் என்றால் தலையாட்டலை நம்பாதீர்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் கேட்காதீர்கள்

காது கேளாத தாய் தகப்பனுக்குக் காது கேட்கும் பிள்ளை இருந்தால், கடைக்காரர் பிள்ளையிடமே பேசிவிடுகிறார். அரைக் கிலோ சர்க்கரைக்குப் பரவாயில்லை. நகையை அடகு வைக்க வந்த இடத்தில், "வட்டி கட்டாவிட்டால் நகை ஏலம் போய்விடும் என்று உன் அப்பாவிடம் சொல்" என்று பத்து வயதுப் பெண்ணிடம் சொல்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்பா மனம் நோகும் என்று அந்தக் குழந்தை பாதியை விழுங்கிவிடும். ஏலம் வரும்போது அப்பாவுக்குத் தெரியாது. கடைக்காரரோ "அன்றே சொன்னேனே" என்பார். அந்தக் குழந்தையின் தலையில் ஒரு குடும்பத்தின் கடனை ஏற்றி வைப்பது நியாயமா? கடன், வட்டி, ஒப்பந்தம், தகராறு ஆகிய நான்குக்கும் பிள்ளைகளை நடுவில் நிறுத்தவே கூடாது.

கடையில் செய்ய வேண்டியவை

1. கவனத்தைத் திருப்பக் கையை அசையுங்கள், அல்லது மேஜையை லேசாகத் தட்டுங்கள். சத்தம் போடுவதால் பயன் இல்லை.

2. முகத்தைப் பார்த்து, இயல்பான வேகத்தில் பேசுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் வெளிச்சம் இருந்தால் உங்கள் முகம் அவருக்கு இருட்டாகத் தெரியும். சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

3. விலையைக் கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டுங்கள். எடைத் தராசின் எண்கள் வாடிக்கையாளர் பக்கமும் தெரியட்டும். விலைப் பலகை எழுதி வையுங்கள். இது காது கேட்பவருக்கும் நல்லதுதான்.

4. காதில் கருவி இருக்கிறது என்பதற்காக எல்லாம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதுபோலக் கருவி வைத்தால் காது தெளிவதில்லை.

5. பணம் வந்துவிட்டது என்று கடையில் உள்ள ஒலிப்பெட்டி அறிவிப்பது அவருக்குக் கேட்காது. வந்துவிட்டது என்று கையால் காட்டுங்கள். கடைக்காரரே காது கேளாதவராக இருந்தால், வாடிக்கையாளர் தம் போனில் காட்டும் படத்தை நம்பாமல் தம்முடைய போனில் பணம் வந்ததைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. மொழிபெயர்ப்பாளர் வந்தால் அவரை உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசுங்கள். "அவரிடம் சொல்லுங்கள்" என்பதை விட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

7. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுங்கள். நீண்ட கூட்டமானால் மொழிபெயர்ப்பாளர் இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதுவும் ஒரு தொழில்தான்.

8. நேரில் வர முடியாத இடத்துக்கு, செல்போன் வீடியோ அழைப்பிலும் மொழிபெயர்க்க முடியும். போனைச் சாய்த்து நிறுத்த ஓர் இடமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும்.

வேலைக்கு வைக்கலாமா?

தயங்க வேண்டியதில்லை. ஓசூரில் உள்ள டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் காது கேளாதோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் பணிபுரிந்து வந்திருக்கிறார்கள். மும்பையில் 2009-இல் தொடங்கப்பட்ட மிராக்கிள் கூரியர்ஸ் நிறுவனம், தபால் கொண்டுசேர்க்கும் வேலைக்குக் காது கேளாதோரையே அமர்த்தியது. அடுக்குதல், பொட்டலம் கட்டுதல், எடை போடுதல், பில் போடுதல், கம்ப்யூட்டரில் பதிதல் ஆகிய எதற்கும் காது அவசியம் இல்லை. வேலையை வாயால் சொல்லாமல் ஒருமுறை செய்து காட்டினால் போதும். லாரி பின்னால் நகரும் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆரன் சத்தத்தை நம்பாமல் ஓர் ஆளையோ விளக்கையோ வைக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. கருத்துப் பரிமாற்றம் என்பதில் சைகை மொழியும் அடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இதில் விவரமான விதிகள் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறோம். அங்கே காது கேளாத வணிகர்களும் இருப்பார்கள். மேடையின் ஓரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இடம் கொடுத்தால், தீர்மானங்கள் அவர்களுக்கும் உரியவை ஆகும். செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். அந்த வாரத்தில் ஒரு மாலை, உள்ளூர்க் காது கேளாதோர் சங்கத்திலிருந்து இருவரை அழைத்து, எண்கள், எடை, விலை, நன்றி ஆகியவற்றுக்கான சைகைகளை நம் உறுப்பினர்களுக்குக் கற்றுத்தரச் சொல்லலாம். ஊருக்கு ஊர் சைகையில் சிறு வேறுபாடு உண்டு. ஆகவே உள்ளூர்க்காரரிடம் கற்பதே சிறந்தது. நம்பகமான மொழிபெயர்ப்பாளர்களின் தொலைபேசி எண்களைச் சங்க அலுவலகத்தில் எழுதி வைத்தால், தேவைப்படும் கடைக்காரர் அலைய வேண்டியதில்லை.

காது கேளாதோர் தங்களுக்குள் நெருக்கமாகப் பழகுபவர்கள். ஒரு கடையில் மரியாதை கிடைத்தால் அந்தச் செய்தி அன்று மாலையே அவர்கள் கூடும் இடத்தில் பரவிவிடும். அவமதிப்பும் அதே வேகத்தில் பரவும். இதற்காக வணிகர் முதலீடு செய்ய வேண்டிய தொகை ஒன்றும் இல்லை. கல்லாவில் இருந்தபடி சற்றே தலையை நிமிர்த்தி, வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றதை அவருடைய கை சொல்லும். அது புரியாத இடத்தில் நாங்கள் வருகிறோம்.